நாற்பத்தொரு இடங்களில் ஒரு சொல்

செல்வகுமாரியின் இடது கை வலது கையைத் தூக்கி விசைப்பலகையின் மேல் வைத்தது. வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு வலது கையின் நடுவிரல் மட்டும்தான் வேலை செய்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தியது. ஒரு வரிசை மேலே போக வேண்டுமென்றால் இடது கை மறுபடி வந்து மணிக்கட்டைத் தள்ளிக் கொடுக்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

"இன்னா தேடுறே?" என்றேன்.

"'முடக்கு'ன்ற வார்த்தை இந்த புக்குல எத்தினி எடத்துல இருக்குதுன்னு பாக்கறேன்."

"எத்தினி?"

"நாப்பத்தொண்ணு. அத்தனையும் நான் எழுதுனது." விரலை எடுக்காமல் சொன்னாள். "கால அழுத்தித் தேய் ரோசம்மா. வலிச்சா நான் சொல்றேன்."

சேலியமேட்டில், பாகூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இரண்டாவது தெருவில் அவள் வீடு. மென்பொருள்களுக்குத் தமிழில் கையேடு எழுதுவது அவள் தொழில். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், தெரியாமல் அழுத்திவிட்டால் எப்படித் திரும்பி வருவது என்று, படிக்கிறவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆறு வருடமாக வீட்டிலிருந்தே எழுதினாள். நான் இல்லப் பராமரிப்புப் பணியாளர். வில்லியனூரில் உள்ள எங்கள் அமைப்பு என்னை அந்த வீட்டுக்கு அனுப்பி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு தவிர தினமும் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை.

அவளுக்குத் தசை நோய். ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் படியில் விழ ஆரம்பித்தாள். பதினான்கில் நடை நின்றது. அப்பா வீரப்பனுக்கு ஒன்றரைக் காணி கரும்பும் ஒரு டிவிஎஸ் வண்டியும் இருந்தன. மகளைப் பின்னால் உட்கார வைத்து, ஒரு துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பாகூர் கம்ப்யூட்டர் சென்டருக்கு இரண்டு வருடம் கூட்டிப்போனார். பி.ஏ. தமிழை அஞ்சல் வழியில் முடித்தாள். அப்பா மாரடைப்பில் போன பிறகு துண்டு கட்ட ஆள் இல்லை. அவளும் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

முதல் நாள் நான் போனை எடுத்து அவள் விவரங்களைப் பதிய ஆரம்பித்தேன். எங்கள் அமைப்பில் எல்லாமே 'துணைக்கை' என்ற செயலியில்தான். யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனோம், சர்க்கரை எவ்வளவு, படுக்கைப் புண் இருக்கிறதா, எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் போகவில்லை என்று ஆகிவிடும். எனக்கு அந்தச் செயலி பிடிக்காது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே தட்டினேன்.

"நாலாம் பக்கத்துல படம் போட்டு எழுதியிருக்கேனே, நீ புக்கைப் படிக்கலியா?" என்றாள்.

துணைக்கையின் கையேட்டை எழுதியவள் அவள்தான் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவளுக்கு வாய் அதிகம். பரிதாபப்பட வருகிற உறவுக்காரர்களிடம் அரை மணி நேரம் அவர்கள் மூட்டுவலியைப் பற்றியே விசாரித்து, மாத்திரை பெயரெல்லாம் கேட்டு, களைப்பாக்கி அனுப்பிவிடுவாள். கல்யாணம் பற்றி யாரோ கேட்டதற்கு, "மாப்பிள்ளை வூட்ல வீல்சேர் ஏற ரேம்ப் இல்லியாம், வேணாம்னுட்டேன்" என்றாள். வேலையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு என்னிடமும் அம்மாவிடமும் படித்துக் காட்டுவாள். எங்களில் ஒருத்திக்குப் புரியவில்லை என்றாலும் அழித்துவிடுவாள்.

அவள் அம்மா தையலம்மாள் எட்டாவது வரை படித்தவர். படிக்கத் தெரியும் என்பதில் அவருக்குப் பெருமை. போனில் எது வந்தாலும் உடனே எடுத்து, கண்ணாடி மாட்டி, சத்தமாகப் படிப்பார். ரீசார்ஜ் முடிகிறது என்று வந்தாலும் படிப்பார், நகைக்கடை விளம்பரம் வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போவார்.

தையலம்மாளுக்கு ஒரு சொல் ஆகாது. 'மொடம்' என்ற சொல். அதை யார் எப்படிச் சொன்னாலும் விடமாட்டார். ஒருமுறை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் சான்றிதழ் கொடுக்கிறவர், "அந்த மொடத்துப் பொண்ணு பேப்பர் யாருது?" என்று கூப்பிட்டிருக்கிறார். தையலம்மாள் பேப்பரை வாங்காமலே வந்துவிட்டார். அந்தச் சான்றிதழ் கடைசிவரை வரவில்லை. அவருடைய கூடப் பிறந்த தம்பி மாரிமுத்து, ஒரு வளைகாப்பில், "எங்கக்கா மொடத்தை வச்சிக்கினு கஷ்டப்படுது" என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தையலம்மாள் இலையிலிருந்து எழுந்துவிட்டார். அதன் பிறகு பதினோரு வருடம் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

செல்வகுமாரிக்கு அந்த அளவு கோபம் இல்லை. "வாயால சொல்றாங்க, காத்துல போயிடுது. எங்கம்மாவுக்குத்தான் போவ மாட்டேங்குது" என்பாள்.

அந்த வருடம் சித்திரையில் கம்பெனியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர் உலகத்தில் பல காலமாகப் புழங்கும் சில சொற்கள் மனிதரைக் குறைத்துப் பேசுவதால் அவற்றை எல்லா நாட்டிலும் மாற்றுகிறார்கள், நீயும் தமிழ்க் கையேடுகளில் மாற்று என்று உத்தரவு. அவளுக்கு உற்சாகம். எங்களுக்குப் படித்துக் காட்டினாள். பழைய கையேட்டில் ஒரு வரி இருந்தது: 'எஜமான் கணினி அழைத்தும் அடிமைக் கணினி பதில் அளிக்கவில்லை எனில்...'

தையலம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நல்லா வேணும் எஜமானுக்கு" என்றார்.

அதை முதன்மைக் கணினி, துணைக் கணினி என்று மாற்றினாள். கருப்புப் பட்டியல் தடைப் பட்டியல் ஆயிற்று. யாரோடும் இணைக்கப்படாத பதிவுக்கு அனாதைப் பதிவு என்று பெயர் இருந்ததாம். அதைச் சும்மா, இணைக்கப்படாத பதிவு என்றே எழுதினாள். இரண்டு மாதம் அந்த வேலை நடந்தது. பட்டியலில் முப்பது சொல் இருந்தது. 'முடக்கு' அதில் இல்லை.

ஆனியில்தான் சிங்காரவேலு விஷயம் நடந்தது. மடுகரையில் எனக்கு மதியத்தில் பார்க்கிற வீடு அது. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன விவசாயி. ஐந்து மாதம் பயிற்சி கொடுத்து, கம்பு பிடித்து வாசல் வரை நடக்க வைத்துவிட்டோம். இனி நான் போகத் தேவையில்லை. செயலியில் அவர் பதிவைத் திறந்து, சேவை தேவையில்லாதபோது அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தினேன். அதில் 'முடக்கு' என்று இருக்கும். நாங்கள் தினமும் பார்ப்பதுதான், நான் கவனித்ததே இல்லை. அழுத்தியதும் வீட்டுக்காரர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும்.

நான் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் அவர் போன் கிணுகிணுத்தது. சிங்காரவேலு படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர் இது? அஞ்சு மாசம் கையப் புடிச்சி நடக்க வச்சிட்டு, போவும்போது மொடக்கிட்டுப் போறியே?"

'திரு. சிங்காரவேலு முடக்கப்பட்டார். துணைக்கையைப் பயன்படுத்தியதற்கு நன்றி' என்று இருந்தது. அவர் சம்சாரம் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை செல்வகுமாரிக்கு இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவளும் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அம்மா கொல்லையில் இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன்.

"செத்துப் போறவங்களுக்கும் அதே பட்டன்தானே?"

"ஆமா. வேற பட்டன் இல்லியே."

"அப்ப எனக்கும் நீ அதைத்தான் அமுக்குவே. மெசேஜ் எங்கம்மா போனுக்குப் போவும்."

அவள் பதிவில் இருந்தது தையலம்மாளின் எண்தான்.

"'செல்வகுமாரி முடக்கப்பட்டார், நன்றி.' எங்கம்மா அத்த கண்ணாடி போட்டுக்கினு சத்தமா படிக்கும், ரோசம்மா. அதுவும் நான் எழுதிக் குடுத்த வார்த்தை."

அன்றைக்குத்தான் அந்த நாற்பத்தொரு இடங்களைத் தேடினாள்.

கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்தவர் முத்துக்குமரன். அவர் குரல்தான் எனக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவள் பேசுவாள், கையால் பிடிக்க முடியாது. கெட்ட மனிதர் இல்லை. அவசரத்தில் இருப்பவர்.

"மேடம், லிஸ்ட்ல அந்த வேர்டு இல்லையே. இங்கிலீஷ்ல 'டிசேபிள்'னு இருக்கறதுக்கு யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணல."

"லிஸ்ட் இங்கிலீஷ்காரன் போட்டது சார். மொடக்குறது தமிழ்ல நடக்குது."

"புக்குல மட்டும் மாத்திக்கோங்களேன்."

"புக்குல ஒண்ணு, ஸ்க்ரீன்ல ஒண்ணு இருந்தா, படிக்கிறவங்க பட்டனைத் தேடிக்கினு நிப்பாங்க. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

திரையிலும் குறுஞ்செய்தியிலும் மாற்ற வேண்டுமென்றால் நிரல் எழுதுகிறவர்கள் கை வைக்க வேண்டுமாம். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. மாற்றுச் சொல் என்ன என்று கேட்டார் முத்துக்குமரன். அதற்கே அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. 'நிறுத்து' என்று எழுதிப் பார்த்தாள். செத்தவரை எப்படி நிறுத்துவது என்று அழித்தாள். 'நீக்கு' என்றாள். அம்மா அதைப் படித்தால் ஊரைவிட்டு நீக்கியது போல இருக்கும் என்று அதையும் அழித்தாள். 'விடைகொடு' என்பதை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாள்.

"சினிமாப் பாட்டு மாதிரி கீதுடி" என்றார் தையலம்மாள். எதற்கான சொல் என்று அவருக்குத் தெரியாது. அதுவும் போயிற்று.

ஒரு நாள் ஷிபானா எனக்கு போன் செய்தாள். வில்லியனூர் அலுவலகத்தில் எங்களுக்கெல்லாம் அவள்தான் மேற்பார்வை. பரிக்கல்பட்டில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டாள். "அங்க டூட்டி முடிஞ்சிதும்மா, போன வாரமே" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

செல்வகுமாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னே?"

"டூட்டி முடிஞ்சிதுன்னு சொன்னேன்."

"அந்தப் பாட்டி செத்துப் போச்சா, பொண்ணு வூட்டுக்குப் போச்சா?"

"செத்துப் போச்சி."

"சிங்காரவேலு வூட்டுக்கு இன்னா சொன்னே?"

"அதையேதான். வேற எப்படிச் சொல்லுவாங்க? டூட்டி முடிஞ்சிதுன்னுதான் சொல்லுவோம்."

"நின்னது உன் வேலைதானே. ஆளை எதுக்கு இதுல இழுக்கணும்?" என்றாள். எனக்கு அவள் சொல்வது உடனே விளங்கவில்லை. அவள் இடது கை வலது கையைத் தூக்கிவிட்டது. முத்துக்குமரனுக்கு எழுதினாள். நோயாளியை எதுவும் செய்ய வேண்டாம், முடிவது பணியாளரின் பணி. 'முடக்கு' என்பதில் க், கு இரண்டையும் எடுத்துவிட்டு, 'ட' மேல் ஒரு சுழி போட்டால் போதும், 'முடி'. குறுஞ்செய்தியில் 'இன்னாருக்கான எங்கள் பணி முடிந்தது' என்று வர வேண்டும்.

முத்துக்குமரன் போன் செய்து சிரித்தார். "வெறும் 'முடி'ன்னா தலைமுடின்னு நெனச்சுக்கப் போறாங்க மேடம்."

"அப்ப 'பணி முடி'ன்னு போடுங்க. ஸ்க்ரீன்ல எடம் இருக்குது, நான் அளந்து பாத்துட்டேன்."

ஐப்பசியில் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பதிப்பில் திரை, குறுஞ்செய்தி, கையேடு மூன்றும் சேர்ந்து மாறும். ஜனவரி ஒன்பதாம் தேதி வெளிவரும் என்று கடிதம் வந்தது. நாற்பத்தொரு இடங்களையும் அவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றும் வசதி இருக்கிறதாம். அப்படி மாற்றினால் வாக்கியம் கோணிக்கொள்ளும் என்று அதைப் பயன்படுத்தவில்லை. பதினேழு நாள் ஆயிற்று.

கார்த்திகை மழைக்குப் பிறகு அவளுக்குச் சளி பிடித்தது. தசை நோயில் கடைசியாகக் கை வைப்பது மூச்சில்தான். இருமிச் சளியை வெளியே தள்ள நெஞ்சில் வலு இருக்காது. முதுகில் தட்டித் தட்டி நான்தான் எடுப்பேன். இரவில் மட்டும் மாட்டிய மூச்சு மெஷினைப் பகலிலும் மாட்ட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். தொண்டையில் துளை போடலாம் என்றார் டாக்டர், போட்டால் பேச்சு போகலாம் என்றும் சொன்னார். அவள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். மார்கழி பிறந்து வீட்டுக்கு வந்தார்கள். இனி எவ்வளவு நாள் என்று மகள் கேட்டதற்கு டாக்டர் வாரக் கணக்கில்தான் பதில் சொன்னார்.

ஜனவரி ஐந்தாம் தேதி முத்துக்குமரன் கூப்பிட்டார். நிரல் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்கள். பரிசோதிக்க ஆள் போதாது. இருபதாம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

"பதினோரு நாள்தான் மேடம். மாற்றம் எல்லாம் உள்ள வந்துடுச்சு, நான் கண்ணால பார்த்துட்டேன்."

"சரிங்க சார்" என்றாள். மெஷின் முகமூடிக்குள்ளிருந்து அவள் குரல் அவருக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியாது. அவருக்கு நிலைமை தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் சொல்லட்டுமா என்றதற்கும் வேண்டாம் என்றாள்.

அம்மா பால் வாங்கப் போயிருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"இருபதுக்கு முன்னாடி ஆச்சுன்னா, அமுக்காம வச்சிரு."

"அன்னிக்கே அமுக்கணும். நான் அமுக்கலன்னா மறுநாள் ஒம்போது மணிக்கு ஆபீஸ்ல அமுக்கிடுவாங்க."

"எனக்குத் தெரியாதா? பன்னண்டாம் பக்கம். நான்தானே எழுதுனேன்." மூச்சு வாங்கினாள். "ரெண்டு மூணு நாள் தள்ள முடியாதா?"

"நீ ரெண்டு மூணு நாள் தள்ளிப் போயேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்ததில் மெஷின் சத்தம் போட்டது. நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுக்காதே என்று பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள். முகமூடியைச் சரிசெய்துவிட்டு, அவளைப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை. நான் எட்டு மணிக்குப் போனபோதே விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியில் எண் எழுபத்தாறுதான் காட்டியது. டாக்டருக்குச் சொன்னேன். சொல்லியிருந்த மருந்தைக் கொடுத்தேன், மூச்சுத் திணறல் அடங்கியது. தையலம்மாளைக் கால்மாட்டில் உட்காரச் சொன்னேன். "கூப்பிடு, காது கேக்கும்" என்றேன். அவர் கூப்பிடவில்லை. மகள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் கரும்பு வெட்ட ஆள் வந்திருப்பதையும், வாய்க்காலில் தண்ணீர் விட்டிருப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்று பத்துக்கு முடிந்தது. நேரத்தை எழுதிக்கொண்டேன். மெஷினை நிறுத்தினேன். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் தையலம்மாள் என்னைப் பார்த்தார்.

நானும் அவருமாகக் குளிப்பாட்டினோம். உடம்பில் ஓர் இடத்தில்கூட படுக்கைப் புண் இல்லை. அதைத் தையலம்மாளுக்குக் காட்டினேன்.

மதியம் மூன்று மணிக்கு மாரிமுத்து வந்தார். கையில் மாலை. வாசலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றார். உள்ளே வரவில்லை. தையலம்மாள் எழுந்து போய், "தாய்மாமன் நீ. வெளியே நிக்கறியே" என்றார். பதினோரு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசியது அவ்வளவுதான். மாரிமுத்து தலைமாட்டைத் தூக்கினார். கல்யாணம் ஆகாதவள் என்பதால் புதைத்தார்கள்.

ஊரார் கலைந்ததும் தையலம்மாள் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். போன் அவர் மடியில் இருந்தது. துக்கம் விசாரித்து வந்த செய்திகளை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார். படித்து முடித்துவிட்டு அடுத்தது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆழ்ந்த இரங்கல்' என்று பதினாறு தடவை படித்தார். நான் எண்ணினேன்.

ஆறு மணிக்கு ஷிபானா கூப்பிட்டாள். நான் கொல்லைப் பக்கம் போய் எடுத்தேன்.

"அம்மா, செல்வகுமாரி இன்னும் லிஸ்ட்லயே இருக்காங்க. மறந்துட்டீங்களா?"

"மறக்கல. காலைல ஆபீசுக்கு வரேன். அதுவரைக்கும் நீ தொடாதே."

"ஒம்போது மணிக்கு நான் போட்டாகணும்மா."

"ஒம்போதுக்கு முன்னாடி வரேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாகூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் போனேன். ஏழரைக்கு அலுவலகம் பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தேன். எட்டேகாலுக்கு ஷிபானா வந்தாள்.

பதிவைத் திறக்கச் சொன்னேன். குடும்பத்தாரின் போன் எண் இருக்கும் இடத்தில் தையலம்மாள் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போடச் சொன்னேன்.

"ஏம்மா?"

சொன்னேன். நாற்பத்தொரு இடம், சிங்காரவேலு, இருபதாம் தேதி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எண்ணை மாத்தினா காரணம் கேக்கும்மா, எழுதணும். நம்பர் தப்புன்னு போட்டுடட்டுமா?"

"நம்பர் தப்பு இல்லியே. பொய் எழுதாதே."

"பின்ன இன்னான்னு எழுதறது?"

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியும்னு எழுது."

ஷிபானா என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே எழுதினாள். கட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

நான் என் போனில் செல்வகுமாரியின் பக்கத்தைத் திறந்தேன். கீழே சிவப்பில் அந்தப் பொத்தான். அழுத்தினேன். 'நோயாளியை நிச்சயமாக முடக்க வேண்டுமா?' என்று கேட்டது. அந்தக் கேள்வியும் அவள் ஆறு வருடத்துக்கு முன்பு எழுதியதாகத்தான் இருக்கும். ஆம் என்று அழுத்தினேன்.

அதே போனில், அதே நிமிடத்தில் வந்தது. 'செல்வகுமாரி முடக்கப்பட்டார். துணைக்கையைப் பயன்படுத்தியதற்கு நன்றி.'

ஒருமுறை படித்தேன். மனதுக்குள்தான் படித்தேன். பிறகு அழித்தேன். ஷிபானா டீ சொல்லட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். மூச்சு மெஷினைத் திருப்பி எடுத்துவர வண்டி எப்போது போகும் என்று கேட்டேன். இன்றைக்கே போகும் என்றாள். பொங்கல் முடிந்து அனுப்பு, இப்போதே அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்பது பத்து பஸ்ஸைப் பிடித்தேன். பத்து மணிக்குக் கரிக்கலாம்பாக்கத்தில் நான் பார்க்க வேண்டிய வீடு ஒன்று இருந்தது.